கொல்லைக்குத் திரும்பிய சேலைகள்

கண்காட்சி அமைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். நான் அமைத்ததிலேயே எது சிறந்தது என்று பேசுவதற்காக என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அதைப் பேசப் போவதில்லை. நான் பிரித்துப் போட்ட ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். திறப்பு விழா நாளில், விருந்தினர்கள் வரச் சில மணி நேரமே இருக்கும்போது, அந்தக் காட்சியின் நடுநாயகமான படைப்பை நானே ஏணியில் ஏறி அவிழ்த்து வண்டியில் ஏற்றி அனுப்பினேன். அதற்காக என்னைத் திட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திட்டட்டும். அதே நிலைமை இன்னொரு முறை வந்தால் அதையேதான் செய்வேன், இன்னும் கொஞ்சம் வேகமாகச் செய்வேன்.

என் பெயர் செல்வராணி. தொழிலில் இருப்பவர்களுக்கு ராணியக்கா. புதுக்கோட்டைக்காரி. ஓவியம் படித்தேன், வரைந்து பிழைக்க முடியாது என்று புரிந்ததும் மற்றவர்கள் வரைந்ததை மாட்டும் வேலைக்கு வந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று உங்களிடம் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஒரு படத்தைச் சுவரில் நேராக மாட்டுவதற்கே நாலு பேரோடு சண்டை போட வேண்டிய தொழில் இது. கோபம் இல்லாதவர்கள் வேறு வேலை பார்ப்பது நல்லது.

நான் சொல்லப்போகும் கண்காட்சி புதுக்கோட்டையில், மூடிக் கிடந்த ஒரு அரிசி ஆலையின் கிடங்கில் நடந்தது. உள்ளூர்க் கலை மன்றம் ஒன்று ஏற்பாடு செய்தது. படைப்புகள் எல்லாம் சென்னையிலிருந்து வந்த விமல் என்ற கலைஞனுடையவை. முப்பது வயது இருக்கும். கெட்டிக்காரன், நல்ல பிள்ளை, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. மனிதன் காட்டு மிருகத்தை எப்படித் தள்ளி வைக்கிறான், தள்ளி வைத்துக்கொண்டே எப்படிக் கூட வாழ்கிறான் என்பதுதான் அவன் எடுத்துக்கொண்ட விஷயம். அதற்காக நம் மாவட்டம் முழுக்கச் சுற்றி, மயிலை விரட்டத் தட்டும் தகரம், பன்றியை மிரட்ட வெடிக்கும் குழாய் என்று எதையெதையோ சேர்த்து வைத்திருந்தான்.

முதலில் அவன் கண்ணில் பட்டது குடுமியான்மலையில் ஒரு டீக்கடை. குரங்குத் தொல்லை பொறுக்காமல் கடைக்காரர் கடையைச் சுற்றிக் கம்பி வலை அடித்து உள்ளே நின்றுகொண்டார். டீ ஆற்றுவது, வடை போடுவது எல்லாம் வலைக்குள். கிளாஸை நீட்ட மட்டும் ஒரு சின்ன வழி. குரங்குகள் வெளியே சாவகாசமாக உட்கார்ந்து உள்ளே இருக்கும் மனிதரை வேடிக்கை பார்க்கும். விமல் அதைப் பார்த்துத் துள்ளிக் குதித்தான். துருப்பிடித்த அந்த வலை அப்படியே வேண்டும் என்றான். கடைக்காரர் விவரமானவர்.

"தாரேன் தம்பி. ஆனா மொதல்ல புதுசு அடிச்சுக் குடுத்துட்டு, அதுக்கப்புறம் பழசக் கழட்டுங்க. நடுவுல ஒரு நிமிசம் தொறந்து கெடந்தாலும் வடைத் தட்டு காலி" என்றார்.

அப்படியே செய்தோம். பழைய வலை கண்காட்சிக்கு வந்தது. கடையில் புது வலை பளபளவென்று நின்றது. குரங்குக்கு எந்த லாபமும் இல்லை, மனிதர்களுக்கு எல்லாம் சந்தோஷம். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள். பழசைக் கொடு, புதுசை வாங்கிக்கொள் என்ற வழி முதல் தடவை ஜோராக வேலை செய்துவிட்டது. இனி எல்லா இடத்திலும் இதுவே போதும் என்று விமல் நினைத்துவிட்டான்.

அடுத்து அவன் பார்த்தது சேலை வேலி. நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவரங்குளம் தாண்டி உள்ளே போனால் தைலமரக் காட்டை ஒட்டிச் சின்னச் சின்ன ஊர்கள். கொல்லை என்று நாங்கள் சொல்லும் மேட்டு நிலங்களில் கடலை போட்டிருப்பார்கள். காட்டுக்குள் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் பன்றிகள் பொழுது சாய்ந்ததும் வந்து கடலையைத் தோண்டித் தின்னும். அதற்காகக் கொல்லையைச் சுற்றிக் கம்பு நட்டு, கட்டிக் கிழிந்த பழைய சேலைகளை வரிசையாகக் கட்டிவிடுவார்கள். சிவப்பு, பச்சை, பூப்போட்டது, கட்டம் போட்டது என்று கொல்லையே திருவிழா மாதிரி இருக்கும். சேலையில் இருக்கும் மனுஷ வாடைக்குப் பன்றி வராது என்பார்கள். வாடை இல்லை, காற்றில் ஆடுவதைப் பார்த்துத்தான் மிரளுகிறது என்றும் சொல்வார்கள். எது சரி என்று பன்றியைத்தான் கேட்க வேண்டும்.

விமலுக்கு அது பெரிய தரிசனமாக இருந்தது. "அக்கா, இவங்க மிருகத்தைக் கொல்லவும் இல்ல, விட்டுக்கொடுக்கவும் இல்ல. வெறும் துணியை வெச்சே பேசுறாங்க. இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?" என்றான். அவன் சொன்னது எனக்கும் பிடித்திருந்தது. அந்தச் சேலைகளைக் கிடங்கின் நடுவில் சவுக்குக் கம்புகளில் சுருள் சுருளாகக் கட்டி, பார்வையாளர்களை உள்ளே நடக்கவிட வேண்டும் என்பது அவன் திட்டம். உள்ளே போகப் போக வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். கடைசியில் நடுவில் நிற்கும்போது, நாம் காக்கப்படுகிறோமா, விரட்டப்படுகிறோமா என்று தெரியாது.

சேலைகளைக் கொண்டுவர அவனும் மன்றத்து ஆட்களும் போனபோது நான் கிடங்கில் விளக்குகளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். மாலையில் வண்டி நிறையச் சேலையோடு வந்து இறங்கினான். ஒரு பழைய சேலைக்கு ஒரு புதுச் சேலை கொடுத்தானாம். ஊரே திரண்டு வந்ததாம். வேலியில் இருந்ததோடு நிற்காமல், வீட்டில் கிடந்த பழசையும் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அவன் முகத்தில் அவ்வளவு பூரிப்பு.

சேலைகள் நாறின. பொய் சொல்லவில்லை. வியர்வை, அடுப்புப் புகை, சாணி, மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த மக்கிய வாடை எல்லாம் சேர்ந்து கிடங்கையே தூக்கியது. மன்றத்தின் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் சிறப்பு விருந்தினர் என்று சொன்னாலே அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

"என்னம்மா இது, பெரியவங்கள்லாம் வர்ற எடம். லாண்டரிக்கு அனுப்பி ஒரு தடவ அலசி எடுத்துருவோம்."

"முடியாதுங்க சார்" என்றேன். "படைப்பு எப்படி வருதோ அப்படித்தான் மாட்டுவேன். ஒங்களுக்கு நாறுச்சுன்னா தள்ளி நின்னு பாருங்க."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் விமல் என் பக்கம் நின்றான். சேலைகள் துவைக்கப்படாமலே ஏறின. இது உங்களுக்கு ஒரு சின்னப் பாடம்: பொருளைச் சுத்தம் செய்யும் உரிமை நமக்குக் கிடையாது. அழுக்கு எது, உயிர் எது என்று தீர்மானிக்க நாம் யார்?

திறப்பு விழா நாள். மாலையில் நிகழ்ச்சி. காலையிலேயே சுருள் முழுக்கக் கட்டி முடித்துவிட்டோம். நானும் என் ஆள் முருகேசனும் தரையைப் பெருக்கிக் கொண்டிருந்தோம். முருகேசன் என்னோடு வெகுகாலமாக இருப்பவர், என் வயதுதான். அப்போது வாசலில் ஒரு சத்தம்.

"எங்கடா அந்தச் சேலைக்காரத் தம்பி?"

ஐம்பதை ஒட்டிய ஒரு அம்மா, உடம்பில் சாயம் போகாத புதுச் சேலை, கையில் ஒரு உரச்சாக்கு. யாரும் தடுக்கும் முன்பே உள்ளே வந்து சாக்கைத் தலைகீழாகக் கொட்டினாள். மண்ணோடும் இலையோடும் கடலைச் செடிகள். ஒவ்வொன்றும் வேரோடு கிளப்பப்பட்டு, காய் எல்லாம் மெல்லப்பட்டு, சக்கை மட்டும் தொங்கியது. முன்கூட்டியே படம் எடுக்க வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் உடனே குனிந்து அதை நாலு கோணத்தில் படம் எடுத்தார். அதுவும் காட்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டார்.

அவள் பெயர் ஆரோக்கியம். காட்டை ஒட்டி இருக்கும் கடைசிக் கொல்லை அவளுடையது. மற்றவர்கள் முன்னாலேயே விதைத்து, முன்னாலேயே பிடுங்கிவிட்டார்கள். அவள் மட்டும் மழை பார்த்துத் தாமதமாகப் போட்டதால், ஊரில் அப்போது மண்ணுக்குள் கடலை இருந்தது அவள் கொல்லையில் மட்டும்தான். காய் முற்றி, பிடுங்கும் பருவத்துக்கு வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் இரவு பன்றிகள் இறங்கிக் காட்டோர வரப்பு நெடுக உழுதுவிட்டுப் போயிருந்தன.

விமல் ஓடி வந்தான். "ஆன்ட்டி, நாங்கதான் புதுச் சேலை கொடுத்தோமே? அதைக் கட்டலையா?"

ஆரோக்கியம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "புதுச் சேலைய எவளாச்சும் வேலில கட்டுவாளா? ஒங்க ஊர்ல கட்டுவாகளா?"

நான் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்வது? டீக்கடை வலை வேறு, சேலை வேறு. புது வலை, வலைதான். புதுச் சேலை வேலி இல்லை, அது சேலை. மாவட்டம் பூராவும் சுற்றிய பையனுக்கு இது தோன்றவில்லை. அவனோடு போன உள்ளூர் ஆட்களுக்கும் தோன்றவில்லை, அவர்கள் எல்லோரும் ஆண்கள்.

"வீட்ல பழசு இல்லியா?" என்று கேட்டேன்.

"எங்கக்கா இருக்கு? வீடு வீடாப் பூந்து எல்லாத்தையும் அள்ளிட்டு வந்துட்டாகள்ல. ஊர்ல பழைய சேலைக்கே பஞ்சமாப் போச்சு. நாலு வீட்ல பழசு கேட்டுக் கட்டிக்கலாம்னுதான் என்னோடதக் குடுத்தேன், போய்க் கேட்டா இல்ல. எல்லாரும் புதுச கட்டிக்கிட்டு மினுக்கிக்கிட்டு நிக்கிறாளுக. நானே இதக் கட்டிக்கிட்டுத்தான் களை வெட்டுறேன், சீக்கிரமாப் பழசாகட்டும்னு. கட்டிக் கட்டிப் பழசாக்குற வரைக்கும் பன்னி காத்துக்கிட்டு இருக்குமா?"

செயலாளர் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் தணிந்த குரலில், "அம்மா, நீங்க ஒத்துக்கிட்டுத்தானே மாத்துனீங்க? இப்ப வந்து கேட்டா எப்படி? கண்காட்சி முடியட்டும், எல்லாத்தையும் திருப்பித் தந்துடறோம். அதுவரைக்கும் ஆகுற நஷ்டத்துக்கு மன்றம் ஏதாச்சும் பார்த்துச் செய்யும்" என்றார்.

"ஒங்க காட்சி முடியிறதுக்குள்ள என் கொல்லையில கொடிகூட மிஞ்சாது. நஷ்டத்த யாரு கேட்டா? அடுத்த போகத்துக்கு வெதையே அதுலதான் எடுக்கணும். எடுத்துட்டுப் போனதக் குடுங்க, நான் பாட்டுக்குப் போறேன்."

"அப்ப புதுச் சேலைய எல்லாம் திருப்பிக் கொண்டாங்க" என்றார் மன்றத்து ஆள் ஒருவர், கெட்டிக்காரத்தனமாக.

"குடுத்தத திருப்பிக் கேக்குறது என்ன பழக்கம்? ரெண்டு சேலை என் நாத்தனாருக்குப் போயிருச்சு. இத நான் கட்டியிருக்கேன். அவுத்துத் தரவா?"

அவர் ஓரமாக நகர்ந்துகொண்டார். ஆரோக்கியத்தின் வாதத்தில் நியாயம் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. எனக்கு அதனாலேயே அவளை ரொம்பப் பிடித்துப்போனது. ஏழை என்றால் கையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவள் அழவில்லை. வாங்கியது வாங்கியதுதான், என் வேலியும் எனக்கு வேண்டும் என்று நின்றாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

இப்போது உங்கள் வேலைக்கு வருகிறேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாட்டுவதும் கழற்றுவதும் என் கை. காட்சி முடியும் நாள் வரை படைப்புகளுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செயலாளர் ஒரு சமாதானம் சொன்னார். பாதிச் சேலைகளை அனுப்பலாம், பாதி இங்கே இருக்கட்டும், சுருளைக் கொஞ்சம் சின்னதாகக் கட்டினால் விருந்தினருக்கு வித்தியாசம் தெரியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று ஆளுக்குப் பாதி என்று பிரிப்பதைப் போலச் சுகமான தீர்ப்பு உலகத்தில் இல்லை. தீர்ப்புச் சொன்னவருக்கு நல்ல பெயர் கிடைக்கும். ஆனால் அவள் கொல்லை பெரிது, எல்லாச் சேலையும் போனால்தான் ஒரு சுற்று வரும்; பாதி வேலி வேலி இல்லை. பன்றி வேலி இருக்கும் பக்கம் வந்து முட்டாது, இல்லாத பக்கமாக உள்ளே போகும். விருந்தினருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம், பன்றிக்குத் தெரியும்.

"முருகேசன், ஏணியக் கொண்டாங்க" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்த கூச்சலை என்னால் முழுக்கச் சொல்ல முடியாது. செயலாளர் கீழே நின்று, இனி இந்த மாவட்டத்தில் எனக்கு ஒரு ஆணி அடிக்கக்கூட வேலை கிடைக்காது என்றார். என்னிடம் வேலை வாங்கிய முதல் முதலாளி ஒன்று சொல்லுவார்: ஏணியில் நிற்கும்போது வாதாடாதே, வாதாட வேண்டுமானால் இறங்கிவிடு. நான் இறங்கவில்லை. அதனால் பதிலும் சொல்லவில்லை. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக் கீழே போட்டேன்.

விமல்தான் என்னைத் திணறடித்தான். ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, இது என்னோட வேலைக்கா. ரெண்டு வருஷமா யோசிச்சது. இன்னைக்குத்தான் எல்லாரும் பார்க்கப் போறாங்க. நீங்க ஏன் என்னைக் கேக்கவே இல்ல?"

அந்தக் கேள்வி நியாயமானது. இறங்கினேன். அவன் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. சொன்னதுக்கப்புறமும் நான் கழட்டத்தான் போறேன். அப்ப எதுக்குக் கேக்கணும்? இந்தக் காட்சி எதப் பத்தினது விமல்?"

"மனுஷனையும் மிருகத்தையும் பத்தி..."

"அந்த மனுஷி இங்கிட்டு நிக்கிறா. மிருகம் அங்கிட்டு, பொழுது எப்ப சாயும்னு படுத்துக் கெடக்குது. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்தத நீ தூக்கிட்டு வந்துட்ட."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மனம் மாறிவிட்டான் என்று சொல்லமாட்டேன், நேரில் நின்று பார்த்தவள் நான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கீழ் முடிச்சுகளை அவிழ்க்க ஆரம்பித்தான். "நீங்க இழுக்குற இழுப்புல கிழிஞ்சிரும்" என்று மட்டும் முணுமுணுத்தான். எங்களை நம்பாமல்தான் கை வைத்தான். எந்தக் காரணமாக இருந்தால் என்ன, முடிச்சு அவிழ்ந்தது.

குட்டி யானை என்று சொல்லும் சின்னச் சரக்கு வண்டி ஒன்றைப் பிடித்தோம். பின்னால் சேலை மூட்டைகளின் மேல் முருகேசனும் விமலும், முன்னால் டிரைவரோடு நானும் ஆரோக்கியமும். வழி நெடுக அவள் எனக்கு நன்றி எதுவும் சொல்லவில்லை. சேலையை மடிக்காமல் சுருட்டிப் போட்டதற்குத் திட்டிக்கொண்டே வந்தாள்.

கொல்லைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. பன்றி உழுத பகுதியைப் பார்த்தேன். ஒரு வரப்பு நீளத்துக்கு மண் புரண்டு கிடந்தது. அதற்கு அப்பால் மிச்சக் கொல்லை பச்சையாக, ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. அங்கே நின்றபோது எனக்குச் சந்தேகம் என்று ஒன்று இருந்திருந்தால் அதுவும் போய்விட்டது. அன்று இரவும் வேலி இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பச்சை காலையில் இருந்திருக்காது.

நான் இத்தனை வருஷம் எதை எதையோ கட்டியிருக்கிறேன். ஆரோக்கியம் நான் கட்டியதைப் பார்த்துவிட்டு, "இப்படியா கட்டுறது? பன்னி என்ன நிமிந்து பாத்துக்கிட்டா வரும்? கீழ எறக்கிக் கட்டுங்க, மண்ணத் தொடணும்" என்று சத்தம் போட்டாள். எங்கள் கண்காட்சிக் கட்டு எல்லாம் மனிதர்களின் கண் மட்டத்துக்கு. அவிழ்த்து மறுபடி கட்டினோம். விமல் கையில் முள் கீறி ரத்தம் வந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டு அடுத்த கம்புக்குப் போனான்.

காட்டோர மூலையில் ஒரு இடைவெளி மிஞ்சியது. ஒரு சேலையை விமல் கண்காட்சி வாசலில் வைப்பதற்காக முன்பே பலகையில் பசை தடவி ஒட்டியிருந்தான், அதைப் பிரிக்க வழியில்லை. எல்லோரும் இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு விமல் வண்டிக்குப் போய், சேலைகளை மூடிக் கட்டியிருந்த போர்வையை எடுத்து வந்தான். ஊருக்கு வந்த நாளிலிருந்து கிடங்குத் தரையில் விரித்து அவன் படுத்த போர்வை. ஒருமுறைகூடத் தண்ணீர் காணாதது. ஆரோக்கியம் வாங்கி மோந்து பார்த்தாள்.

"யாத்தே. இது போதும் தம்பி. இந்த வாடைக்குப் பன்னி இல்ல, யானையே வராது."

அன்றைக்கு முதல் தடவையாக விமல் சிரித்தான். அவன் கையாலேயே அதைக் கட்டினான், மண்ணைத் தொடும்படி.

நாங்கள் திரும்பி வந்தபோது கிடங்கு வாசலில் கார்கள் வந்துவிட்டன. உடை மாற்ற நேரமில்லை. மண்ணும் வியர்வையுமாக உள்ளே போனோம். கிடங்கின் நடுவில் சவுக்குக் கம்புகள் மட்டும் சுருளாக நின்றன. சிறப்பு விருந்தினர் அவற்றுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செயலாளர், அவர் நாக்கு எப்படிப் புரண்டதோ, விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இந்த வெறும் கம்புகள் காடு அழிஞ்சு போனதைக் குறிக்குது சார். வெறுமைதான் இந்தப் படைப்பு."

விருந்தினர் ரொம்பவும் ஆழமாகத் தலையை ஆட்டினார். சுற்றி நின்றவர்களும் ஆட்டினார்கள். செல்போன்கள் படம் எடுத்தன. எனக்குத் தலைக்கு ஏறியது. செயலாளரிடம் பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி எதற்கு?

"வெறுமையும் இல்ல, ஒண்ணும் இல்லங்க" என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. "இதுல கட்டியிருந்த சேலையெல்லாம் ஒரு கடலைக் கொல்லைக்கு வேலி. அந்தக் கடலைய பன்னி திங்க ஆரம்பிச்சிருச்சு. அதனால திருப்பிக் கட்டிட்டு வந்திருக்கோம். பாக்கணும்னா திருவரங்குளம் பஸ்ல ஏறி எறங்கிக் கேளுங்க."

செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. விருந்தினர் விமலைப் பார்த்தார். இவன் என்ன சொல்வான் என்று நானும்தான் பார்த்தேன். சென்னையில் பெயர் எடுக்க வேண்டிய பையன். வெறுமை என்ற அந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால் அவனுக்குக் கைதட்டல் கிடைக்கும், யாரும் குறை சொல்லப் போவதில்லை. அவன் சட்டையில் ரத்தக் கறையோடு நின்றுகொண்டு, "அக்கா சொல்றதுதான் சார் உண்மை. படைப்பு இங்க இல்ல" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனுக்கு எந்தக் காட்சியையும் எங்கே வேண்டுமானாலும் அமைத்துக் கொடுப்பேன் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

அந்த மன்றம் அதன் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. இன்னும் சில இடங்களிலும் கதவு சாத்திக்கொண்டது. முன்கோபக்காரி, ஒப்பந்தத்தை மதிக்காதவள், விருந்தினரை அவமதித்தவள் என்று பேசினார்கள். கையெழுத்துப் போட்டதை மீறியது நிஜம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நிஜம்தான். படைப்பைக் காப்பாற்றுவேன் என்று கையெழுத்துப் போட்டேன். எந்தப் பொருளும் அதன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் இடத்தில்தான் பத்திரமாக இருக்கிறது என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று இல்லை. ஒரு நாள் உங்களிடமும் யாராவது சாக்கைக் கொட்டுவார்கள், அன்றைக்கு யோசித்துக்கொள்ளுங்கள்.

திறப்பு விழாவுக்கு மறுநாள் காலை ஆரோக்கியத்தின் போன் வந்தது. பன்றிகள் வேலி வரை வந்து, வெளியே மண்ணைக் கிளறிவிட்டுத் திரும்பிப் போயிருந்தனவாம். போர்வை கட்டிய மூலைப் பக்கம் ஒரு குளம்புத் தடம்கூட இல்லையாம். இதைச் சொல்லும்போதும் அவள் நன்றி என்று சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் நான் கிடங்கில் சொன்னதை நிஜமாகவே எடுத்துக்கொண்டு சிலர் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள், ஓவியர்கள், அந்தப் பத்திரிகைக்காரர். வேலியை ஒட்டி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சேலையின் ஓரத்தைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார். ஆரோக்கியம் களைக்கொத்தோடு ஓடி வந்து, "வேலியத் தொட்ட கைய ஒடிச்சிருவேன்" என்று ரோடு வரை விரட்டினாளாம். நான் காட்சி அமைத்த காலத்தில் எத்தனையோ காவலர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் ஒரு படைப்பை இவ்வளவு மரியாதையோடு காத்ததில்லை.

கடலை பிடுங்கி முடிந்தது என்று விமலுக்குத் தகவல் போயிற்று. கண்காட்சி முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. அவனுக்கு ஆசை விடவில்லை. இனிமேல் கொல்லையில் காக்க ஒன்றும் இல்லையே, இப்போது கேட்டால் தருவாள், கடைசி நாட்களிலாவது சுருளைக் கட்டிவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

கொல்லை உழுது கிடந்தது. சேலைகள் கட்டியபடியே இருந்தன. நடுவில் நின்று ஆரோக்கியம் எதையோ வீசிக்கொண்டிருந்தாள். விமல் தயங்கித் தயங்கிக் கேட்டான். அவள் கையை நிறுத்தவில்லை.

"உளுந்து போட்டுக்கிட்டு இருக்கேன்ல. கண்ணு தெரியலயா?"

"உளுந்துக்குமா பன்னி வரும்?"

"பன்னி வராட்டி மயிலு வரும். மயிலு வராட்டி மானு வரும். நான் வெதைக்கிறத நிப்பாட்டணும், இல்ல அதுக திங்கிறத நிப்பாட்டணும். ரெண்டும் நடக்காது தம்பி." மடியிலிருந்த விதையை அள்ளி வீசிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். "சேலையத் தர மாட்டேன். ஆனா ஒங்க கொட்டகைல கம்பு மட்டும் சும்மாதானே நிக்குது? இங்கிட்டு நாலு கம்பு மக்கிப் போச்சு. நாளைக்கு வரும்போது அதக் கொண்டாந்து போட்டுட்டுப் போங்க."

விமல் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தேன், சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை. மறுநாள் காலையில் கிடங்குக்குப் போனோம். செயலாளர் வருவதற்கு முன்பாகவே கம்புகளைப் பிடுங்கி வண்டியில் ஏற்றிவிட்டோம்.